ஸ்டிக்கர் ஒட்டினால் பட்டம் உண்மையாகிவிடாது

வேலை, மேற்படிப்பு, திருமணப் பதிவு, குடியுரிமை என்று ஏதோ ஒரு தேவைக்காகக் கடல் கடந்து போகும் சான்றிதழின் பின்பக்கத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறது. அப்போஸ்டில் என்பது அதன் பெயர். அது ஒட்டப்பட்டுவிட்டால் சான்றிதழ் உண்மையானது என்று மத்திய அரசே உறுதி கூறிவிட்டதாகவும், எந்த நாட்டிலும் இனி அதைக் கேள்வி கேட்க முடியாது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. விண்ணப்பதாரர்கள் அப்படி நினைக்கிறார்கள். ஏஜென்ட்டுகள் அப்படிச் சொல்லியே ஆள் பிடிக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களிலும் அட்டஸ்டேஷன் முடிந்ததா என்று கேட்டு, முடிந்தது என்றதும் கோப்பை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறானது. சான்றிதழில் எழுதியிருப்பது உண்மையா என்பதைப் பற்றி அந்த ஸ்டிக்கர் எதுவும் சொல்வதில்லை. அதில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின் வாசகமே போதும். 1965-இல் நடைமுறைக்கு வந்த அதில் இப்போது 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் பொருந்துகிறது. அதன் 5-ஆம் பிரிவின்படி அப்போஸ்டில் மூன்று விஷயங்களுக்குச் சான்று: ஆவணத்தில் உள்ள கையொப்பம் உரியவருடையது, அவர் எந்தப் பதவியில் இருந்து கையொப்பமிட்டார், அதன்மேல் உள்ள முத்திரை எந்த அலுவலகத்தினுடையது. நான்காவதாக ஒன்று இல்லை. உடன்படிக்கையின் இணைப்பில் உள்ள மாதிரிப் படிவம் இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. பக்கத்துக்கு 9 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரம். அதற்குள் எண்ணிட்ட பத்து இடங்கள். நாடு, கையொப்பமிட்டவர், அவர் பதவி, முத்திரைக்குரிய அலுவலகம், அப்போஸ்டில் தரப்பட்ட ஊர், தேதி, தந்தவர், வரிசை எண், தந்தவரின் முத்திரை, தந்தவரின் கையொப்பம். சான்றிதழுக்கு உரியவரின் பெயருக்கு இந்தப் பத்தில் இடமில்லை. படிப்பு, வகுப்பு, தேர்ச்சி ஆண்டு எதற்கும் இல்லை. சில நாடுகள் சதுரத்துக்கு வெளியே கூடுதல் விவரங்களை அச்சிடுவதுண்டு. அவற்றால் சான்றின் எல்லை விரிவதில்லை. பட்டம் பெற்றவரையே குறிப்பிடத் தேவையில்லாத ஒரு படிவம், பட்டத்தின் உண்மைக்கு எப்படிப் பொறுப்பேற்க முடியும்?

உடன்படிக்கை தீர்க்க வந்த சிக்கல் வேறு. மாட்ரிட்டில் இருக்கும் ஒரு பதிவாளருக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. முன்பெல்லாம் இதற்கு ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. பல்கலைக்கழகக் கையெழுத்தை மாநில அரசு உறுதிசெய்யும். மாநில அதிகாரியின் கையெழுத்தை வெளியுறவு அமைச்சகம் உறுதிசெய்யும். அமைச்சகத்தின் கையெழுத்தை எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் தூதரகம் உறுதிசெய்யும். அங்கே போய் இறங்கிய பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் தன் தூதரகத்தின் கையெழுத்தை உறுதிசெய்யும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் போன்ற உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் நாடுகளுக்கு இன்றும் இதே பாதைதான். உடன்படிக்கை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை வெட்டி, ஒரே சான்றோடு நிறுத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் பழைய சங்கிலியிலும் சரி, புதிய சுருக்கத்திலும் சரி, ஒவ்வொருவரும் பார்ப்பது தமக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவரை மட்டுமே. மேலே போகப் போக முத்திரை பெரிதாகிறது. ஆவணத்தின் உள்ளடக்கத்திலிருந்து அதைப் போடுபவர் விலகிப்போகிறார். தூதரகச் சான்று, அப்போஸ்டிலைவிடக் கனமானது என்ற எண்ணமும் இதனாலேயே அடிபட்டுப்போகிறது. உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு தூதரகச் சான்றுக்குத் தரும் விளக்கமும் அதே கையொப்பம், பதவி, முத்திரை என்ற மூன்றைத் தாண்டுவதில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அது பொருட்படுத்தத் தக்கதுதான். தமிழ்நாட்டில் பட்டச் சான்றிதழ் நேராக டெல்லிக்குப் போய்விடுவதில்லை. பல்கலைக்கழகத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று பெறப்பட்ட பிறகே உயர்கல்வித் துறை அதில் சான்றொப்பம் இடுவது வழக்கம். அந்தச் சான்றொப்பத்தைப் பார்த்துத்தான் வெளியுறவு அமைச்சகம் ஸ்டிக்கர் ஒட்டுகிறது. எனவே ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு சரிபார்ப்பு இருக்கத்தானே செய்கிறது என்பது அந்த வாதம்.

இருக்கிறது. ஆனால் அந்தச் சரிபார்ப்பைச் செய்தது பல்கலைக்கழகம். தன் பதிவேட்டைத் திறந்து, இந்தப் பதிவெண்ணில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கக்கூடிய ஒரே இடம் அதுதான். உயர்கல்வித் துறை அதைக் கேட்டு வாங்குவது மாநில நிர்வாக ஏற்பாடு. ஹேக் உடன்படிக்கை அதைக் கேட்கவும் இல்லை, ஸ்டிக்கரில் அது பதிவாவதும் இல்லை. வெளியுறவு அமைச்சகமோ இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. மாநில அரசு, வணிகச் சங்கம் முதலியவற்றின் நியமிக்கப்பட்ட அலுவலர் கையொப்பத்தின் அடிப்படையில் மட்டுமே சான்றளிப்பதாகவும், ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குத் தான் பொறுப்பேற்பதில்லை என்றும் அமைச்சகமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. பொறுப்பில்லை என்று தருபவரே சொன்ன பிறகும் பெறுபவர்கள் அதை உத்தரவாதம் என்று கொண்டாடுவது விசித்திரம்தான். மேலும், மாநிலச் சரிபார்ப்பு எல்லா ஆவணத்துக்கும் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஏஜென்ட்டுகளிடம் கேட்டால் இரண்டு விலை சொல்வார்கள்: மாநிலக் கல்வித் துறை வழியாக என்றால் ஒன்று, எஸ்.டி.எம். என்ற கோட்ட அளவிலான நிர்வாகத்துறை நடுவர் கையொப்பம் வழியாக என்றால் மற்றொன்று. இரண்டாவது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. சீக்கிரம் முடிவதற்குக் காரணம், பல்கலைக்கழகத்தை யாரும் கேட்காததுதான். இரண்டு பாதையில் போன ஆவணத்துக்கும் ஒரே அமைச்சகத்தின் சான்று கிடைக்கும்போது, அந்தச் சான்றைப் பார்த்து எது சரிபார்க்கப்பட்டது, எது படவில்லை என்று எப்படிப் பிரிப்பது?

முத்திரை உண்மையாகவும் ஆவணம் பொய்யாகவும் இருக்க முடியும் என்பது வெறும் தர்க்கம் அல்ல; நடந்த கதை. பாகிஸ்தானின் கராச்சியைச் சேர்ந்த ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு நூற்றுக்கணக்கான இணையதளங்கள் நடத்திப் பட்டம் விற்றதை 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. போலிப் பட்டம் புதிதல்ல. புதிய செய்தி, அந்தப் பட்டங்களோடு சேர்த்து விற்கப்பட்ட இன்னொரு காகிதம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் சான்று அது. அன்றைய வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரியின் கையெழுத்தோடு கூடியது. அமெரிக்காவில் முறைப்படி 100 டாலருக்கும் குறைவான செலவில் கிடைக்கும் அந்தச் சான்றை வளைகுடா வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றார்கள். அவற்றில் சில போலி. மற்றவை போலி அல்ல. பொய்யான காரணம் காட்டிப் பெற்ற அசல் சான்றுகள்.

இல்லாத பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அசல் அரசுச் சான்று எப்படிக் கிடைக்கும்? வழி மிக எளிது. தனியார் காகிதத்துக்கு அரசு நேராகச் சான்றளிக்காது. எனவே அந்தக் காகிதத்தோடு, ‘இது என் பட்டத்தின் சரியான நகல்’ என்று ஒரு வாக்குமூலத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும். இன்னார் என் முன் கையெழுத்திட்டார் என்று நோட்டரி எழுதுகிறார்; அது உண்மை. இவர் எங்கள் மாநிலத்தின் நோட்டரிதான் என்று மாநிலச் செயலர் எழுதுகிறார், அதுவும் உண்மை. மாநிலச் செயலரின் முத்திரை இதுதான் என்று மத்திய வெளியுறவுத் துறை எழுதுகிறது, அதுவும் உண்மை. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அடியில் இருக்கும் பட்டம் மட்டும் பொய். மேலோட்டமாகப் புரட்டும் மேலாளரின் கண்ணில் படுவதோ கடைசித் தாளில் இருக்கும் கழுகு முத்திரை. உடன்படிக்கையைக் கவனித்துவரும் ஹேக் மாநாட்டு அமைப்புக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும். அதனால்தான், இந்தச் சான்று கையொப்பத்தையும் பதவியையும் முத்திரையையும் மட்டுமே உறுதிசெய்கிறது, ஆவணத்தின் உள்ளடக்கத்தை அல்ல என்ற குறிப்பை அப்போஸ்டிலிலேயே அச்சிடும்படி நாடுகளுக்கு அது பரிந்துரைத்திருக்கிறது.

நோட்டரி வழியில் மட்டும்தான் ஓட்டை என்றும் நினைத்துவிட வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் பகுதியில் சட்டப்படி தொடங்கப்பட்ட மானவ் பாரதி பல்கலைக்கழகம் பல்லாயிரக்கணக்கான பட்டங்களைப் பணத்துக்கு விற்றதாக 2020-இல் வழக்குப் பதிவாகி, சிறப்பு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அங்கே பல்கலைக்கழகம் நிஜம், பதிவாளர் பதவி நிஜம், முத்திரையும் நிஜம். விற்கப்பட்ட பட்டத்தில் பொய்யாக இருக்கக்கூடியது, அந்த மாணவர் படித்தார், தேர்வு எழுதினார் என்ற ஒன்றே. அப்போஸ்டில் பார்க்கும் மூன்று விஷயங்களில் அது சேராது. இப்படிப்பட்ட பட்டம் அமைச்சகத்தின் மேசைக்கு வந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு விதிப்படி எந்தத் தடையும் எழாது.

அடுத்த நம்பிக்கை, முத்திரை இருந்தால் போகும் நாட்டில் மறுக்க முடியாது என்பது. குவைத்தில் வேலை செய்த இந்தியப் பொறியாளர்களிடம் இதைச் சொன்னால் கசப்பாகச் சிரிப்பார்கள். 2018-இல் அந்நாட்டின் மனிதவள ஆணையம், பொறியாளர் என்ற பதவிப் பெயரோடு வேலை உரிமத்தைப் புதுப்பிக்கக் குவைத் பொறியாளர் சங்கத்தின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும் என்றது. சங்கமோ, இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளையே ஏற்றது. அந்த அங்கீகாரம் கல்லூரிக்குத் தரப்படுவதல்ல. பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது, அதுவும் விரும்பிக் கேட்கும் கல்லூரிக்கு மட்டும். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலும் பல்கலைக்கழக இணைப்பும் இருந்த எத்தனையோ கல்லூரிகள் அதைக் கேட்டதே இல்லை. வாரியம் அமைக்கப்பட்டதே 1994-இல்; அதற்கு முன் படித்தவர்கள் என்ன செய்வார்கள்? இவர்கள் எல்லோரிடமும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், குவைத் தூதரகம் என்று ஒன்று விடாமல் முத்திரை இருந்தது. பட்டமும் நேர்மையாகப் படித்து வாங்கியது. இருந்தும் பலருக்குப் பொறியாளர் என்ற பெயர் பறிபோனது. இந்திய அரசு இதைக் குவைத்திடம் எடுத்துப் பேச வேண்டியதாயிற்று. குவைத் எடுத்த முடிவு கடுமையானது, நியாயமற்றது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முத்திரைகளை அது மீறிவிட்டது என்று சொல்ல முடியாது. படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்ற கேள்விக்கு அந்த முத்திரைகளில் எதுவும் விடையளித்திருக்கவில்லை.

இந்தப் பக்கம் வரும் ஆவணங்களுக்கும் இதே கணக்குதான். ஊரில் உள்ள வீட்டை விற்க வெளிநாட்டில் இருந்து ஒருவர் உறவினருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால், அதில் அங்கே அப்போஸ்டில் பெற்றிருந்தாலும் இந்திய முத்திரைச் சட்டம் அவரை விடுவதில்லை. பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தவறினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை நடக்காது. ஆவணத்தின் பலன் என்ன என்பதை முடிவு செய்வது, அது பயன்படும் நாட்டின் சட்டம்.

உலகமெங்கும் செல்லும் என்ற விளம்பரமும் உண்மையல்ல. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவின்படி, புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கெனவே உள்ள நாடு ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தால் அவ்விரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை இல்லை என்றே பொருள். இந்தியா சேர்ந்தபோது சில ஐரோப்பிய நாடுகள் ஆட்சேபித்தன. பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகியவை பின்னர் அதைத் திரும்பப் பெற்றன, ஜெர்மனி பெறவில்லை. சீனாவில் 2023 நவம்பர் 7 முதல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் நுழைவை இந்தியா ஆட்சேபித்ததால் இந்திய அப்போஸ்டில் அங்கே பயன்படாது. உறுப்பு நாடுகளின் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஜெர்மனிக்கும் சீனாவுக்கும் ஸ்டிக்கர் ஒட்டித் தரும் ஏஜென்ட், வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகிறார்.

ஜெர்மனியின் போக்கு இந்த விவாதத்துக்கு மிகவும் பயனுள்ளது. கையொப்பச் சான்றை நம்ப மறுத்த அந்த நாடு, உள்ளடக்கத்தைச் சோதிக்கத் தனி ஏற்பாடு செய்துகொண்டது. அங்கே படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற கல்விச் சான்று மதிப்பீட்டு மையத்தின் சான்று பெற வேண்டும் என்பது 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம். அந்த மையம் பார்ப்பது மதிப்பெண் பட்டியல்களையும் பட்டத்தையும்தான். ஜெர்மனி தனியாக இல்லை. வட அமெரிக்காவுக்கான டபிள்யு.இ.எஸ். மதிப்பீட்டுக்கு, மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். விண்ணப்பதாரரின் கையில் உள்ள, ஸ்டிக்கர் ஒட்டிய நகலால் அங்கே பயனில்லை. துபாய், சவூதி அரேபியா, கத்தார் போன்ற இடங்களில் செவிலியரோ மருத்துவரோ உரிமம் பெற டேட்டாஃப்ளோ நிறுவனம், சான்றிதழ் வழங்கிய கல்லூரியையும் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையையும் நேரே கேட்டு எழுதி வாங்குகிறது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் எந்த நாடும் முத்திரையை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் உண்மையிலேயே படித்தாரா என்று அறிய வேண்டியவர்கள் எல்லோரும் மூல நிறுவனத்தைத்தான் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்போஸ்டில் என்பதே ஏமாற்று, பணம் பிடுங்கும் சடங்கு என்று எதிர்த் திசையில் பாய்பவர்களும் உண்டு. அவர்களும் அதே தவற்றைத்தான் செய்கிறார்கள்: கையொப்பச் சான்றிடம் உண்மைச் சான்றை எதிர்பார்த்து, கிடைக்காததால் கோபப்படுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றத் தீர்ப்பு, விவாகரத்து ஆணை போன்றவற்றில் கையொப்பத்தை உறுதிசெய்வதே பெரும் உதவி. அதை வழங்கியது அரசு அலுவலகம்தானா என்பதுதான் பெரும்பாலும் எழும் ஐயம். உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, ஒவ்வொரு அப்போஸ்டிலையும் பதிவேட்டில் ஏற்றி வைக்கச் சொல்கிறது; ஐயம் உள்ள எவரும் வரிசை எண்ணைக் கொண்டு, அந்த ஸ்டிக்கர் உண்மையில் தரப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அமைச்சகம் இந்த எண்ணை இணையத்திலேயே சரிபார்க்க வழி செய்திருக்கிறது. போலி ஸ்டிக்கரைப் பிடிக்க இது நல்ல வழி. ஆனால் ஸ்டிக்கரைத் தாங்கும் ஆவணம் போலியா என்பதை இதுவும் சொல்லாது.

தமிழ்நாட்டில் இந்த மயக்கம் வேரூன்றியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளாக எந்த விண்ணப்பத்துக்கும் கெஜட்டட் அலுவலரின் பச்சை மைக் கையெழுத்து வேண்டியிருந்தது. நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கையெழுத்துக்குப் பொருள் கிடையாது. ஆனால் அதற்காக அலுவலக வாசலில் காத்துக் கிடந்த தலைமுறை, பச்சை மை பட்டதே உண்மை என்று பழகிவிட்டது. 2014 வாக்கில் மத்திய அரசு சுயசான்றொப்பத்தை ஊக்குவிக்கத் தொடங்கியபோதும் நிர்வாகம் நிலைகுலைந்துவிடவில்லை. வேலையில் சேரும்போது அசலைப் பார்த்துக்கொள்கிறார்கள். பச்சை மையிடம் இருந்த பக்தி இப்போது ஸ்டிக்கருக்கு இடம் மாறியிருக்கிறது. அதை வளர்ப்பதில் இடைத்தரகர்களுக்கு லாபம் இருக்கிறது. அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரணச் சான்றொப்பத்துக்குக் கட்டணமே இல்லை. அதற்கு மேல் அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனத்துக்குச் சிறு தொகை. 2019 முதல் சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் இந்த வசதி இருப்பதால், டெல்லிக்குப் போக வேண்டியதும் இல்லை. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்க வேண்டுமானால், விற்கும் பொருள் வெறும் கையொப்பச் சான்று என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாதுதானே.

வெளிநாடு போக இருப்பவர்கள் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்பு, ஆவணத்தைக் கேட்கும் அலுவலகத்திடமே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும்: அப்போஸ்டில் வேண்டுமா, தூதரகச் சான்று வேண்டுமா, இரண்டும் வேண்டாமா; பட்டத்தை அங்கீகரிக்கத் தனி அமைப்பு உண்டா; பல்கலைக்கழகம் நேரடியாக ஏதாவது அனுப்ப வேண்டுமா. ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு, இவர் உங்களிடம் படித்துப் பட்டம் பெற்றாரா என்ற ஒரு கேள்வி போதும். அதைப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.